‘நட்டை அணுகவும்’ – ஷாக் அப்சார்பர் வந்த கதை

பிரெஞ்சில் காரின் ஷாக் அப்சார்பருக்கு ‘அமோர்த்திஸ்ஸேர்’ என்று பெயர். ‘மோர்’ என்றால் சாவு. ‘அமோர்த்தீர்’ என்றால் ஒன்றின் வேகத்தை, ஆட்டத்தை மெல்ல மெல்லச் சாகடிப்பது. இதே வேரில் பிறந்த ‘அமோர்த்திஸ்மான்’ என்ற சொல் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குப் பழக்கமானது. கடனைத் தவணை தவணையாக அடைத்துத் தீர்ப்பதும் அதுதான், மேசை நாற்காலியின் மதிப்பை வருடா வருடம் குறைத்து எழுதுவதும் அதுதான். நான் இந்தச் சொல்லை முதலில் பள்ளியில் படித்தது கணக்குப் பாடத்தில். காருக்கு அடியிலும் அதே பெயரில் ஒரு சாமான் இருக்கிறது என்று தெரிந்தது வெகு காலம் கழித்துத்தான்.

என்னைக் கேட்டால் பிரெஞ்சுப் பெயர்தான் சரி. ஆங்கிலப் பெயர், அதிர்ச்சியை இந்தச் சாமான் வாங்கிக்கொள்கிறது என்கிறது. உண்மையில் பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, உடனே திருப்பித் தரும். கார் மேலே எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிட்டால் எப்படித் தானாக ஆடிக்கொண்டிருக்குமோ அப்படி. அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் அமோர்த்திஸ்ஸேரின் வேலை.

மாட்டு வண்டிக்கு ஸ்பிரிங்கும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. குதிரை வண்டிக்கு அடுக்குப் பட்டை வைத்தார்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் ஓரளவு அடங்கிவிடும், வேகமும் குறைவு. மோட்டார் வந்து வேகம் கூடியபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. சக்கரம் சாலையைத் தொடாமல் குதிக்கிற நேரத்தில் ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் பிடிக்காது.

இதற்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் த்ருஃபோ என்ற பிரெஞ்சுக்காரர். அவர் செய்தது மிக எளிமையான சாமான். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள். ஒன்று சட்டத்திலும் மற்றது அச்சிலும் மாட்டியிருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் வட்டத் தகடுகள், நடுவே உராய்வுக்குத் தோலோ மரமோ, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க ஒரு போல்ட். சக்கரம் ஏறி இறங்கும்போது தகடுகள் உரசும், ஆட்டம் அடங்கும். 1904இல் ஜெர்மனியில் நடந்த கோர்டன் பென்னெட் பந்தயத்தில் லெயோன் தேரி ஓட்டி ஜெயித்த ரிஷார்-பிரசியே காரில் இந்தச் சாமான் பூட்டியிருந்தார்கள். மறுவருடம் பிரான்சிலேயே ஒவேர்ஞ்ஞு மலைப்பாதையில் நடந்த பந்தயத்திலும் தேரிக்கே வெற்றி.

அமெரிக்கரான ஹார்ட்ஃபோர்டு இதைப் பார்த்து உரிமம் வாங்கித் தன் நாட்டில் செய்து விற்றார். இங்கேதான் வேடிக்கை. சில வருடம் கழித்துப் பாரீஸுக்குப் பக்கத்தில் ரெப்யூசோ என்பவர் அதே சாமானை ‘ஹார்ட்ஃபோர்டு’ என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்களுக்கே விற்றார்! பிரெஞ்சு மூளையில் பிறந்து, கப்பலேறி, அமெரிக்கப் பெயரோடு திரும்பி வந்த சரக்கு. ரெப்யூசோவும் லேசுப்பட்டவர் அல்ல. 1925இல் ரெனோ 40 குதிரைச் சக்தி காரை ஓட்டி மோன்த்தே கார்லோ ராலியில் முதலாவதாக வந்தவர். விற்கிறவரே வண்டி ஓட்டி ஜெயித்துக் காட்டினால் வேறு விளம்பரம் எதற்கு?

நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் காரோடு வந்தவை அல்ல, கார் வாங்கியவர் தனியாக வாங்கிப் பூட்டிக்கொண்டவை. ஃபோர்டின் டி மாடல் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. அதில் கம்பெனி கொடுத்த ஷாக் அப்சார்பர் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அமெரிக்காவில் வெளிச்சாமான் செய்பவர்களுக்கு நல்ல அறுவடை. கிளீவ்லாந்தில் காப்ரியேல் என்ற பெயரில் கார் ஹாரன் செய்துவந்தவர், ஸ்பிரிங் சுருளைச் சுற்றிய பட்டைவார் ஒன்றைச் செய்து அதையும் அதே பெயரில் விற்றார். கார் எழும்பும்போது மட்டும் வார் பிடித்து இழுக்கும், இறங்கும்போது விட்டுவிடும். 1927 கடைசியில் வந்த ஏ மாடலில்தான் ஃபோர்டு தானே ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் வைத்துக் கொடுத்தார். அதுவும் ஊதாய் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பே. டப்பாவுக்குள் கிளிசரின், அதற்குள் திரும்பும் ஒரு தடுப்பு, வெளியே ஒரு கை.

தனியாக வாங்கிய சாமானை யார் பூட்டுவது? சொந்தக்காரர், அல்லது ஊர்ப் பட்டறை. எப்படிப் பூட்டுவது? பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்ல வேண்டும். த்ருஃபோ வகையில் முழு ரகசியமும் அந்த நடு போல்ட்டில்தான் இருக்கிறது. எவ்வளவு இறுக்க வேண்டும்? குறைவாக இறுக்கினால் சாமான் இருந்தும் இல்லாத மாதிரி. அதிகமாக இறுக்கினால் சின்னக் கல்லுக்கெல்லாம் ஸ்பிரிங் அசையவே அசையாது, முதுகு உடைந்துவிடும். ஏனென்றால் உராய்வுக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதைவிட, நிற்பதைக் கிளப்ப அதிக பலம் கேட்கும். இதை எந்தத் தாளில் எழுதி விளங்கவைப்பது? அதனால் முள்ளும் எண்ணும் பொறித்த வட்டம் வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்டு செய்த ஆந்த்ரே கம்பெனி, ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருகி இறுக்கவும் தளர்த்தவும் ஓர் ஏற்பாடு செய்தது. எழுதிப் புரியவைப்பதைவிட ஓட்டுகிறவர் கையிலேயே விட்டுவிடலாம் என்று நினைத்தார்கள் போலும்.

ஊதாய் வகையில் வேறு சிக்கல். எழும்பும்போது அதிகமாகவும் இறங்கும்போது குறைவாகவும் தடுக்கும்படி உள்ளே வழி அமைத்திருப்பார்கள். இடப் பக்கத்துச் சாமானை வலப் பக்கம் மாட்டினால் கை எதிர்த் திசையில் திரும்பும், வேலை தலைகீழாகிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சரி, இடம் வலம் என்றால் யாருக்கு இடம்? ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கா, பானட்டைத் திறந்து எதிரே நிற்கும் மெக்கானிக்குக்கா? மோட்டார்க்காரர்கள் வழக்கப்படி உட்கார்ந்திருப்பவருக்குத்தான். தாளில் அதை ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

1990களில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். பாரீஸில் இருந்த அவர் மகன் நான்கு ஷாக் அப்சார்பரும் அதோடு போடும் ரப்பர் புஷ்களும் அனுப்பியிருந்தான். கார் கம்பெனியின் சரக்கு அல்ல, வெளிக் கம்பெனி. பட்டறைக்காரர் பொறுமையாகத்தான் பூட்டினார். நான்கே மாதத்தில் புஷ் எல்லாம் கிழிந்து, கார் கட்டை வண்டி மாதிரி சத்தம் போட்டது. பட்டறைக்காரர் சாமானைக் குறை சொன்னார், சொல்தா பட்டறைக்காரரைக் குறை சொன்னார், மகன் இருவரையும் சொன்னான். கடைசியில் பெட்டியில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு சொல்தா என் வீட்டுக்கு வந்தார். “மிசே, நீங்க படிச்சவங்க, இதுல என்னதான் போட்டிருக்குது பாருங்க” என்றார்.

தாளில் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஆங்கிலம். பட்டறைக்காரர் ஆங்கிலத்தைத் தன் பையனை விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அதில் ‘அப்ரோச் தி நட்ஸ்’ என்று இருந்தது. நட்டை அணுகவும்! “நான் அதுக்குப் பக்கத்துலதானய்யா படுத்துக்கிட்டு இருந்தேன்” என்றார் பட்டறைக்காரர். அடுத்த வரி, ‘பிளாக் வெஹிக்கிள் ஆன் வீல்ஸ்’. அதை அவர் அப்படியே கேட்டு நடந்திருந்தார். கார் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா நட்டையும் முழுப் பலத்தோடு முறுக்கிவிட்டார்.

பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தேன். ‘அப்ரோஷே’ என்பது பட்டறைப் பேச்சு. நட்டைக் கையால் சுற்றி, தொட்டும் தொடாமலும் கொண்டுவந்து நிறுத்து, முறுக்காதே என்று அர்த்தம். ‘புளோக்கே’ என்றால் முழுசாக இறுக்குவது. கார் தன் சக்கரத்தில் தரையில் நின்ற பிறகு இறுக்கு என்பதுதான் அந்த வரி. காரைத் தடுத்து நிறுத்தச் சொல்லும் வரியே அல்ல. பிரெஞ்சு தெரிந்த, ஆனால் பட்டறை தெரியாத யாரோ ஒருவர் அகராதியை வைத்து மொழிபெயர்த்திருக்கிறார்.

தரையில் நிறுத்தி இறுக்குவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விஷயமே அதில்தான். இந்த புஷ்ஷைப் பிரெஞ்சில் ‘சிலாந்த்புளோக்’ என்பார்கள். பிரான்சில் இதைப் பரப்பியவரும் நம் பழைய ரெப்யூசோதான்! வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் நெருக்கி அடைத்த ரப்பர். இதில் எதுவும் வழுக்கிச் சுழலாது. ரப்பர் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் கொடுக்கும், அதனால்தான் கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. நட்டை இறுக்கியவுடன் உள்குழாய் அந்த நிலையில் கட்டுண்டுவிடும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பருக்கு ஓய்வு நிலை அதுவாகிவிடுகிறது. காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி நிற்கும். இரவு பகலாகச் சும்மா நிற்கும்போதுகூட முறுக்கு விடாது. அதன் மேல் சாலையின் குண்டுகுழி வேறு. எந்த ரப்பர் தாங்கும்?

மறுபடி புஷ் வரவழைத்து, சொன்ன வரிசைப்படி, காரைத் தரையில் இறக்கி, ஆள் அடியில் படுத்து இறுக்கினார்கள். அந்தக் கார் சொல்தா காலமாகும் வரை ஓடியது. அந்தத் தாளில் இன்னொரு பொடியும் இருந்தது. இறுக்கும் அளவு பிரெஞ்சில் மீட்டர்-கிலோ, ஆங்கிலத்தில் அடி-பவுண்டு. ஒரு மீட்டர்-கிலோ என்பது ஏழேகால் அடி-பவுண்டுக்குச் சற்றுக் குறைவு, இப்போதைய நியூட்டன் கணக்கில் பத்துக்குச் சற்றுக் குறைவு. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏழு மடங்கு, பத்து மடங்கு பிசகும். எங்கள் பட்டறையில் அளவு காட்டும் ஸ்பானரே இல்லாததால் அந்த ஆபத்து மட்டும் நேரவில்லை.

பிரெஞ்சு அரசு இந்தத் தாள்களைப் பற்றிச் சட்டமே போட்டிருக்கிறது. 1975இல் ஒன்று, பிறகு 1994 ஆகஸ்டில் தூபோன் சட்டம். விற்கும் பொருளோடு வரும் செய்முறைத் தாள் பிரெஞ்சில் இருந்தே ஆக வேண்டும். நல்ல சட்டம்தான். முப்பது வருடம் கோப்பு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எந்த மொழியில் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லலாம், படிப்பவனுக்குப் புரிகிற மாதிரி எழுது என்று சொல்ல எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

வார்த்தையே இல்லாமல் விளங்கவைத்த ஒரு உதாரணமும் பிரான்சில் உண்டு. 1955 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் சித்ரொயேன் டிஎஸ் கார் வந்தது. முதல் நாளிலேயே பன்னிரண்டாயிரம் பேர் பதிந்தார்கள் என்பார்கள். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் அடைத்த இரும்பு உருண்டைகள், அழுத்தம் ஏற்றிய எண்ணெய். இதைச் செய்த போல் மாழேஸ் எஞ்சினியர் பட்டம் இல்லாதவர், பதினேழு வயதில் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆரம்பத்தில் ஊற்றிய எண்ணெய் சிவப்பு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குழாய்கள் உள்ளே துருப்பிடிக்கும். 1966 கடைசியில் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். தொல்லை என்னவென்றால் பழைய ரப்பர் வளையத்துக்குப் புது எண்ணெய் ஆகாது, புது வளையத்துக்குப் பழைய எண்ணெய் ஆகாது. சாலையில் இரண்டு வகைக் கார்களும் ஓடுகின்றன, சாமான்களும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். மாற்றி ஊற்றினால் பிரேக்கும் சேர்த்துப் போய்விடும், ஏனெனில் பிரேக்குக்கும் அதே எண்ணெய்தான்.

புது எண்ணெயைப் பச்சை நிறமாக்கினார்கள். அதோடு நிற்காமல் உருண்டை, பம்ப் என்று அந்த எண்ணெய் போகும் புதுச் சாமான்களுக்கும் பச்சை வண்ணம் அடித்துவிட்டார்கள். பச்சைக்குப் பச்சை. எழுத்துத் தெரியாத பட்டறைப் பையனும் பார்த்தவுடன் எடுத்து மாட்டலாம், ஊற்றலாம். இன்றும் அந்தக் காரை வைத்திருப்பவர்கள் பழையதைச் சிவப்பு டிஎஸ் என்றும் புதியதைப் பச்சை டிஎஸ் என்றும்தான் பிரித்துச் சொல்கிறார்கள்.