பழைய கப்பல் வாங்கிய கதைகள்: காலியா, லாவோ, லாயல்டி

வ.உ.சி. கப்பல் விட்டார்னு ஸ்கூல் பாடத்துல படிச்சிருக்கோம். 1961-ல வந்த சிவாஜி படத்தை தூர்தர்ஷன் புண்ணியத்துல ஏழெட்டு தடவை பார்த்திருக்கோம். ஆனா அந்தக் கப்பலை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க, என்ஜின் என்ன, கரி எவ்வளவு தின்னும்னு யாரும் பேசிப் பார்த்ததில்லை. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு அங்கதானே மூக்கு வேர்க்கும்! :-)

எங்க முகப்பேர்லேர்ந்து பத்து நிமிஷத்துல அம்பத்தூர் எஸ்டேட். அங்க பழைய லேத் மெஷின் வாங்க வர்ற ஆளுங்களைக் கவனிச்சா ஒண்ணு புரியும். விலையைக் கடைசியாத்தான் கேட்பாங்க. முதல் கேள்வி, "இதுல இதுவரைக்கும் என்ன வேலை ஓட்டினீங்க?" கப்பலுக்கும் அதே கேள்விதான். அதைச் சரியாகக் கேட்டவர் ஒருவர், கேட்காமல் விட்ட (அல்லது கேட்க நேரமில்லாத) இன்னொருவர், இவங்க ரெண்டு பேர் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல தூத்துக்குடி. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், உதவிச் செயலாளர் வ.உ.சி. எதிரில் நிற்பது தூத்துக்குடி - கொழும்பு வழியை முழுசா கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி.

கம்பெனி ஆரம்பத்தில் கப்பல் வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தது. ஷா லைன் என்கிற நிறுவனம் கொடுத்த கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி பின்னாலிருந்து ஒரு நெருக்கு நெருக்கியதும் ஷா லைன் கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டிக்கெட் விற்றாச்சு, சரக்கு புக் பண்ணியாச்சு, கப்பல் இல்லை! அவசரத்துக்குக் கொழும்பிலிருந்து வேறு ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார்கள். சொந்த சர்வர் இல்லாம அடுத்தவன் மெஷின்ல சாஃப்ட்வேர் ஓட்டுற கம்பெனிக்காரங்களுக்கு இந்த வலி புரியும்.

அப்புறம்தான் வ.உ.சி. பம்பாய் கிளம்புகிறார். கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். போனவர் 'காலியா' கப்பலோடு திரும்பினார். வேதமூர்த்தி முதலியார் பிரான்ஸ் போய் 'லாவோ'வை வாங்கி வந்தார். 1907-ல் இரண்டும் தூத்துக்குடிக்கு வந்துவிட்டன. கம்பெனி பதிவாகி ஒரு வருஷம் ஆவதற்குள் இரண்டு கப்பல் என்றால் புதுசா ஆர்டர் கொடுத்துக் கட்டி வாங்கியிருக்க வாய்ப்பே இல்லை. தயாராய் மிதந்துகொண்டிருந்ததில் பொறுக்கி எடுத்ததுதான்.

பொறுக்கியது சரியா? என் கணக்கில் ரொம்பச் சரி. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர், கூடவே 4000 மூட்டை சரக்கு ஏற்றலாம் என்று வ.உ.சி. வரலாறுகளில் வருகிறது. அந்த விகிதத்தைக் கவனிங்க. சீமான்களுக்கு 66 இடம், மத்தவங்களுக்கு 1300. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனங்களும் சின்ன வியாபாரிகளும் ஏறுகிற வழிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தூத்துக்குடி - கொழும்பு சுமார் 150 கடல் மைல். பத்து நாட் வேகத்தில் போனாலே பதினைந்து மணி நேரம், ஒரு ராத்திரிப் பயணம். இதுக்கு மேல வேகம் எதுக்கு? தூத்துக்குடியில் அப்போ கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போடணும். ஆட்களும் மூட்டைகளும் தோணியில்தான் போய் ஏறணும். என்ஜினில் மிச்சம் பிடித்த ரெண்டு மணி நேரத்தைத் தோணி தின்றுவிடும்.

இன்னொரு விஷயம், கப்பல் ஒன்றல்ல, ரெண்டு. ஒன்று இங்கிருந்து கிளம்பும்போது மற்றது அங்கிருந்து கிளம்பலாம். ஒன்று ரிப்பேருக்குப் போனாலும் சர்வீஸ் நிற்காது. நம்ம பாஷையில பேக்கப்.

இப்ப பன்னிரண்டு வருஷம் தாண்டி 1919 பம்பாய். முதல் உலகப்போர் முடிந்த நேரம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஏகப்பட்ட கப்பல்களை மூழ்கடித்ததில் உலகம் முழுக்கக் கப்பல் தட்டுப்பாடு. வால்சந்த் ஹிராசந்த், நரோத்தம் மொரார்ஜி எல்லாரும் சேர்ந்து சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். மூலதனம் நாலரைக் கோடி. குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா போர்க்காலத்தில் மருத்துவக் கப்பலாக நடத்திய 'லாயல்டி'யை வாங்குகிறார்கள். (சுதேசிக் கப்பலுக்கு ராஜவிசுவாசம்னு பேர்! என்ன ஒரு பொருத்தம்.) 1919 ஏப்ரல் 5, பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் பயணம். இன்றைக்கும் ஏப்ரல் 5-தான் நம்ம தேசிய கடல்சார் தினம்.

இந்தக் கப்பலின் ஜாதகத்தைப் பார்ப்போம். 1890-ல் இங்கிலாந்தின் பாரோவில் வெள்ளோட்டம். பிறந்தபோது பெயர் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா'. கனடியன் பசிபிக் கம்பெனிக்காக வான்கூவரிலிருந்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் தபாலும் பணக்காரப் பயணிகளும் கொண்டுபோன கப்பல். நீளம் 455 அடி, அகலம் வெறும் 51 அடி. ஒல்லிக்குச்சி உடம்பு! எடையளவு 5,900 டன் சொச்சம். இரட்டை ப்ரொபெல்லர், 16 நாட் வேகம், சுமார் 10,000 குதிரைத்திறன்.

என்ஜின் 'ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன்' வகை. ஃபில்டர் காபி போடுறவங்களுக்கு இது ஈஸி. முதல் டிகாஷன் இறக்கியதும் பொடியைக் கொட்டிவிடாம இரண்டாவது, மூன்றாவது டிகாஷன் எடுக்கிறோமில்லையா? அதே மாதிரி ஒரே நீராவியைச் சின்ன சிலிண்டர், நடுத்தர சிலிண்டர், பெரிய சிலிண்டர் என்று மூன்று தடவை வேலை வாங்குவது. 1881-ல் 'அபர்தீன்' என்ற கப்பலில் வெற்றிகரமாக நிரூபணமான பிறகு உலகமே இதற்கு மாறியது. ஆக, என்ஜின் வகை மோசமில்லை. அளவுதான் பிரச்னை.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். அந்தக் கால என்ஜினில் ஒரு குதிரைத்திறன் ஒரு மணி நேரம் கிடைக்க ஒன்றேமுக்கால் பவுண்டு கரி என்று வையுங்கள். 10,000 குதிரைத்திறனுக்கு ஒரு நாளைக்கு சுமார் 187 டன். சரி, அவசரமில்லை, 12 நாட்டில் போவோம் என்றால் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப குறையும். அப்பவும் நாளுக்கு 80 டன். பம்பாய் - லண்டன் 6,300 கடல் மைல், 22 நாள், மொத்தம் 1,750 டன். அதே தூரத்தை ஒரு சாதாரண சரக்குக் கப்பல் பத்து நாட்டில், நாளுக்கு 25 - 30 டன் கரியில், 26 நாளில் முடித்துவிடும். மொத்தம் 800 டன்னைத் தாண்டாது. அதன் வயிற்றில் சரக்குக்கும் தாராளமாய் இடம். லாயல்டியின் வயிறு முழுக்க பாய்லரும் கரி அறையும்!

மாற்று என்ஜின் போட்டிருக்கலாமே? 1919-ல் வழி இல்லாமல் இல்லை. பாய்லருக்குக் கரிக்குப் பதில் எண்ணெய் விடலாம். பெரிய அட்லாண்டிக் கப்பலான 'ஒலிம்பிக்'கை ஏறக்குறைய அதே சமயத்தில்தான் எண்ணெய்க்கு மாற்றினார்கள். கரி அள்ளிப் போடும் ஆட்கள் கூட்டம் குறையும். டீசலும் வந்தாச்சு. டென்மார்க்கின் 'செலாண்டியா' 1912-லேயே ஐரோப்பாவிலிருந்து பாங்காக் வரை டீசலில் ஓடிக் காட்டியது. ஆனா இருபத்தெட்டு வயசு உடம்பில் புது இதயத்தை வைக்க யார் செலவு பண்ணுவா? அப்படியே வைத்தாலும் அந்த ஒல்லி உடம்பு சரக்குக்கு அகலப்போவதில்லையே.

வாங்கியவர்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். சந்தையில் கப்பலே இல்லாத வருஷம் அது. நம்ம கொடி பறக்கும் ஒரு கப்பல் லண்டனுக்குப் போகணும் என்பதுதான் அப்போதைய தேவை, அதை லாயல்டி செய்தது. வியாபாரத்துக்குத்தான் உதவவில்லை. 1920-க்கு அப்புறம் சரக்குக் கட்டணம் உலகம் முழுக்கச் சரிந்தபோது இவ்வளவு தின்னும் கப்பலை வைத்துச் சமாளிக்க முடியாது. 1923-ல் பம்பாயிலேயே உடைப்புக்குப் போனது.

இதில் என்னை உறுத்துவது முடிவுதான். தப்பான கப்பலை வாங்கிய சிந்தியா பிழைத்தது. நாலரைக் கோடி மூலதனம் அடியைத் தாங்கியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் இஞ்ச்கேப் பிரபுவோடு 1923-ல் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டுக் கடற்கரை வியாபாரத்தில் கால் ஊன்றியது. 1941-ல் விசாகப்பட்டினத்தில் சொந்தமாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் போட்டது. 1948 மார்ச்சில் நேரு 'ஜல உஷா'வைத் தண்ணீரில் இறக்கிவைத்தார்.

சரியான கப்பல்களை வாங்கிய தூத்துக்குடிக் கம்பெனி? எதிராளி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினான், இவர்கள் எட்டணாவுக்கு இறங்கினார்கள். பிறகு அவன் இலவசமாய் ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தான் என்பார்கள். பத்து லட்சம் மூலதனத்தில் எத்தனை நாள் எட்டணாவுக்கு ஓட்ட முடியும்? எந்தப் பாய்லரை எத்தனை முறை தட்டிப் பார்த்து வாங்கினாலும் இந்தச் செலவு அதில் தெரியாது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. ஓட்டுபவர் உள்ளே போனதும் கம்பெனி தள்ளாடி 1911-ல் கலைக்கப்பட்டது. காலியாவை வாங்கிக்கொண்டது அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் என்பார்கள். 1912 டிசம்பரில் வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்தபோது 25 ரூபாய் பங்கு வாங்கியவர்களுக்குக் காட்ட ஒரு கப்பலும் மிச்சமில்லை.