விருந்தினருக்குத் திறந்த வாயில்கள்
யாழ்ப்பாண நகரின் விருந்தோம்பல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலியாணத்திற்கென வெளியூரிலிருந்து யாழ்ப்பாணம் வருபவர்க்கு மூன்று தேவைகள் உண்டு. இரவிலே தங்குவதற்கு ஓரிடம் வேண்டும். கலியாண வீட்டுப் பந்தி இல்லாத வேளைகளிற் பசியாற ஓரிடம் வேண்டும். முகூர்த்தத்திற்கு முன்னும் பின்னும் கிடைக்கும் ஓய்விலே போய்ப் பார்ப்பதற்கு ஓரிடம் வேண்டும். இம்மூன்றையும் ஒரு நகரம் எவ்வாறு அமைத்துக் கொடுத்தது என்பது அந்நகரின் சமூக வரலாற்றின் ஒரு கூறாகும். அரசரையும் ஆளுநரையும் போர்களையும் முதன்மைப்படுத்தி எழுதப்படும் வரலாறு மடத்தையும் சாப்பாட்டுக் கடையையும் பெரும்பாலுங் கவனிப்பதில்லை. ஆயினும், ஒரு சமூகம் யாரை விருந்தினராக ஏற்றது, யாரை வாயிலிலே நிறுத்தியது என்பதை அறிய விழைவோர்க்கு இவை தருஞ் சான்று பெரிது. யாழ்ப்பாணத்து விருந்தோம்பலின் சிறப்பையும் அதன் எல்லையையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடங்களும் ஊர்ப்பெயர்களும்

புகையிரதமும் மோட்டார் வாகனமும் வருவதற்கு முன்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பயணஞ் செய்தோர் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்றனர். கடும் வெயிலும் நிழலற்ற நெடுந்தெருவும் அவர்களுக்குப் பெருந் துன்பந் தந்தன. இத்துன்பத்தைத் தணிக்கும் பொருட்டுச் செல்வர்கள் அறச்செயலாக மடங்களை அமைத்தனர். மடத்தின் அருகே கேணி அல்லது கிணறு இருக்கும்; தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி இருக்கும்; மாடுகள் உடலை உராய்ஞ்சிக் கொள்ள ஆவுரோஞ்சிக் கல் நடப்பட்டிருக்கும். வழிப்போக்கனின் களைப்போடு அவனது வண்டி மாட்டின் தினவையும் நினைவிற் கொண்டு செய்யப்பட்ட அறம் இது.

இம்மடங்கள் பலவற்றின் கட்டடங்கள் அழிந்துவிட்டன, பெயர்கள் நிலைத்துள்ளன. கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம், மருதனார்மடம் என்பன இன்று குடியிருப்புகளினதும் சந்திகளினதும் பெயர்கள். பேருந்து நடத்துநர் இப்பெயர்களைக் கூவும்போது அவை ஒரு காலத்திலே வழிப்போக்கர் படுத்துறங்கிய இடங்கள் என எவரும் எண்ணுவதில்லை. பருத்தித்துறைத் தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடம் இவ்வகையில் நேரிற் காணத்தக்க சிறந்த எடுத்துக்காட்டாகும். தெருவின் இரு மருங்கிலும் திண்ணைகளும் கற்றூண்களும் அமைய, கூரை தெருவையே மூடி நிற்கின்றது. தெருவிற் செல்பவர் எவராயினும் அந்நிழலைக் கடந்தே செல்லல் வேண்டும்.

உணவளிக்கும் அறம் கோயில்களைச் சார்ந்து வளர்ந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகன் 'அன்னதானக் கந்தன்' எனப் பெயர் பெற்றமை இதனாலேயே. கோயிலைச் சூழவுள்ள மடங்களிலே அடியார்க்குச் சோறிடும் வழக்கம் இன்றும் நின்று நிலவுகின்றது.

கலியாண வீடும் பந்தியும்

கலியாணத்திற்கு வந்த உறவினர் மடத்திலே தங்கியது அரிது. அவர்களை வீட்டிலே தங்கவைக்காது விடுவது குடும்பத்திற்கு இழுக்கெனக் கருதப்பட்டது. பொன்னுருக்கு நாள் தொடக்கம் நாலாஞ் சடங்கு வரை உறவினர் வந்து தங்குவர். வீடு கொள்ளாதவிடத்து அயல் வீட்டுத் திண்ணைகளும் விறாந்தைகளும் அவர்களுக்காகத் திறக்கும். பாய்களும் கிடாரங்களும் ஊரிலே இரவலாகப் பெறப்படும். பெண்கள் பல நாள்களுக்கு முன்பே கூடியிருந்து அரியதரம், பயற்றம் பணியாரம், முறுக்கு முதலாய பலகாரங்களைச் சுடுவர். ஒரு வீட்டுக் கலியாணம் ஓர் ஊரின் உழைப்பாக அமைந்தது.

ஆனால் அவ்வுழைப்பிலே பங்கு கொண்டோர் எல்லோரும் அப்பந்தியிலே இடம் பெறவில்லை. பந்தலுக்கு வெள்ளை கட்டியவர், மாப்பிள்ளைக்குச் சவரஞ் செய்தவர், பறை அறைந்தவர், விறகு கொத்தியவர் ஆகியோர் குடிமை முறையின்படி தத்தம் தொழிலைச் செய்தனர். அவர்களுக்குரிய சோறு பந்திக்கு வெளியே, பெரும்பாலும் வளவின் பின்புறத்திலே, வழங்கப்பட்டது. 1844 ஆம் ஆண்டிலே இலங்கையில் அடிமை முறை சட்டத்தினால் நீக்கப்பட்டது. எனினும் பந்தியின் ஒழுங்கை அச்சட்டம் தொடவில்லை. உண்ணுமிடம் ஒருவரின் சாதியைப் பறைசாற்றும் இடமாகத் தொடர்ந்தது. விருந்தினரைத் தேடி உபசரித்த அதே வீடு, தன் வேலையாளை விருந்தினனாக எண்ணவில்லை என்பது மறைக்கக் கூடியதன்று.

புகையிரதமும் சாப்பாட்டுக் கடையும்

பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே அரசாங்க உத்தியோகத்தரும் ஐரோப்பியப் பயணிகளும் தங்குவதற்கென வாடிவீடுகள் ஏற்பட்டன. அங்கே அறைக்கும் உணவுக்கும் விலை இருந்தது. அறமாக வழங்கப்பட்ட தங்குமிடம் விலைக்குப் பெறும் பொருளாயிற்று. ஆயினும் வாடிவீடு சாதாரண மக்களின் வாழ்விலே பெரிய மாற்றத்தை விளைவிக்கவில்லை. அம்மாற்றத்தை விளைவித்தது புகையிரதமே.

1902 ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தொடங்கிய பாதை 1905 ஆம் ஆண்டிலே தென்னிலங்கைப் பாதையுடன் இணைந்தது. கொழும்பிலே எழுதுவினைஞராகவும் கண்டியிலே ஆசிரியராகவும் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தவர், விடுமுறை பெற்றுக் கலியாணத்திற்கு வந்து திரும்புவது எளிதாயிற்று. 1956 ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது இத்தொடர்பு மேலும் நெருங்கிற்று. மலாயாவிலே உத்தியோகம் பார்த்துப் பென்சனுடன் திரும்பியோரும் புதிய பழக்கங்களைக் கொண்டு வந்தனர். இன்றும் பெரிய கடைப் பகுதியிலே வாழையிலையிற் சைவ உணவு பரிமாறும் 'மலாயன் கபே'யின் பெயர் அத்தொடர்பை நினைவூட்டுகின்றது.

நகரிலே சைவக் கடைகளும் தேநீர்க் கடைகளும் பெருகின. இடியப்பமுஞ் சொதியும், தோசையுஞ் சம்பலும், வடையுந் தேநீரும் எந்நேரமுங் கிடைத்தன. மாமிச உணவு வேண்டியோர் முஸ்லிம் மக்கள் நடத்திய கடைகளை நாடினர். தெரியாதவர் சமைத்ததைத் தெரியாதவர் அருகிலிருந்து உண்ணும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிது. காசு கொடுத்தவர்க்கெல்லாம் உணவு என்பது கடையின் நியதியாக இருந்திருத்தல் வேண்டும். நடைமுறை அவ்வாறிருக்கவில்லை.

தேநீர்க் கடை வாயில்

தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கடையின் வாங்குகளில் இருக்க முடியாது. அவர்கள் வெளியே நின்றே தேநீர் பெற்றனர். பிறர் அருந்திய குவளை அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் தேநீர் வார்க்கப்பட்டது. வீட்டுப் பந்தியின் ஒழுங்கு கடைக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

இதற்கெதிரான குரல் நெடுங்காலமாகவே எழுந்து வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தது. அதன் அழைப்பின் பேரிலே 1927 ஆம் ஆண்டு காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க் கடைப் பிரவேசத்தைத் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக முன்வைத்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. எனினும் சட்டம் இயற்றப்பட்டதாற் கடை வாயில்கள் தாமாகத் திறந்துவிடவில்லை.

1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்குள்ளானது. அடுத்த ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றிற்று. சங்கானை, நெல்லியடி முதலிய இடங்களிலே தேநீர்க் கடைகளின் முன் போராட்டங்கள் நிகழ்ந்தன. உயிர்கள் பலியாயின, வீடுகள் எரிந்தன. ஒரு குவளைத் தேநீரை வாங்கிலிருந்து அருந்தும் உரிமைக்காக இவ்விலை கொடுக்கப்பட்டது. இப்போராட்டங்களிலே முன்னின்ற கே. டானியல் இவ்வனுபவங்களைத் தம் புனைகதைகளிற் பதிவு செய்தார். இன்று நகரின் எந்த உணவகத்திலும் எவரும் நுழைந்து விரும்பிய ஆசனத்தில் இருக்க முடிகின்றதெனின், அது கடைக்காரர் மனமுவந்து அளித்த உபசாரமன்று.

காணச் சென்ற இடங்கள்

கலியாணத்திற்கு வந்தோர் காணச் சென்ற இடங்களிலும் இவ்வரலாற்றின் தடங்கள் உள. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவற்றுள் முதன்மையானது. பழைய கோயில் 1621 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கோயில் 1734 ஆம் ஆண்டு தோற்றம் பெற்றது. 1658 ஆம் ஆண்டு கைப்பற்றிய கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிலே கட்டியெழுப்பினர். நிலாவரையின் வற்றாத கிணறு, காரைநகரின் கசூரினாக் கடற்கரை, குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும் நயினாதீவு ஆகியனவும் வந்தவர் விரும்பிச் செல்லும் இடங்களாயின.

கீரிமலைக்குச் செல்லாத கலியாண விருந்தினர் இலர் எனலாம். கடலின் அருகே நன்னீர் ஊறும் அக்கேணியிலே நீராடி, மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயிலை வணங்கித் திரும்புவது மரபு. நகுல முனிவரின் கீரி முகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகமும் நீங்கிய கதை அவ்விரு தலங்களையும் இணைக்கின்றது. முகக்குறை நீங்கிய அத்தலத்தின் வாயிலிலேயே, 1968 ஆம் ஆண்டு, ஆலயப் பிரவேசங் கோரிய மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். தடுத்தவர்க்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் ஆவார். உயர் கல்வி ஒருவரின் வாயிலைத் தானாகத் திறந்துவிடுவதில்லை என்பதைப் பல்கலைக்கழகத்தார் இந்நிகழ்ச்சியிலிருந்து உணர்தல் தகும்.

சாதியோ சமயமோ கேளாது எவரையும் உள்ளே அனுமதித்த இடமாக யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் குறிப்பிடலாம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்து 1959 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வெண்ணிற மாளிகையை வெளியூர் விருந்தினர்க்குக் காட்டுவதிலே நகரத்தார் பெருமிதங் கொண்டனர். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவிலே அது ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. மீளக் கட்டப்பட்ட நூலகத்தைக் காண இன்று வருவோர், கட்டடத்தின் அழகோடு அவ்விரவையும் நினைந்தே திரும்புகின்றனர்.

போர்க் காலமும் பின்னரும்

1990 ஆம் ஆண்டு யாழ்தேவி குடாநாட்டிற்கு வருவது நின்றது. கீரிமலையும் மாவிட்டபுரமும் அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்விடங்கள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாயின. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாக நகரத்தார்க்கும் விருந்தினர்க்கும் உணவளித்து வந்தோரின் அடுப்புகள் சில மணி நேரத்தில் அணைந்தன. விருந்தோம்பலைத் தன் பண்பாட்டின் அடையாளமெனக் கூறிக்கொள்ளும் ஒரு நகரத்தின் வரலாற்றிலே இது நீங்காத வடு.

ஐந்தாண்டுகளின் பின், 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்களே இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். அங்கே வீடுகளும் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் அவர்களுக்குத் திறந்தன. ஒரு வீட்டிலே பல குடும்பங்கள் உறங்கின. ஒரு கிணற்றிலே பலர் நீரள்ளினர். பழைய மடத்தின் அறம் அந்நாள்களிலே மீண்டும் உயிர் பெற்றது.

போர் 2009 ஆம் ஆண்டு முடிவுற்றது. 2014 ஆம் ஆண்டு யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தது. இப்போது கலியாண விருந்தினர் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகின்றனர். அவர்கள் விடுதிகளிலே தங்குகின்றனர். கலியாணங்கள் மண்டபங்களிலே நிகழ்கின்றன. உணவைச் சமையற் சேவையினர் கொண்டு வருகின்றனர். இரவற் பாயும் அயல் வீட்டுத் திண்ணையும் தேவையற்றனவாயின. இதனால் உறவின் நெருக்கம் குன்றிற்று என வருந்துவோர் உளர். அவ்வருத்தத்திலே நியாயமுண்டு. ஆயினும் பழைய பந்தியிலே இடம் மறுக்கப்பட்டவர்க்கு அவ்விழப்பு அதே அளவு துயர் தராது என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

மடம் நிழலையும் நீரையும் தந்தது. வீடு உறவினர்க்கு உறைவிடந் தந்தது. கடை காசு கொடுத்தவர்க்கு உணவு தந்தது. இவை ஒவ்வொன்றின் வாயிலிலும் சிலர் நிறுத்தப்பட்டனர். கடையின் வாயில் போராட்டத்தினால் அகன்றது. கோயில்கள் பலவற்றின் வாயில்களும் அவ்வாறே அகன்றன. கலியாண அழைப்பிதழ் யார் யார் வீட்டிற்குச் செல்கின்றது, யார் யார் வீட்டிலே கொள்வினை கொடுப்பினை நிகழ்கின்றது என்னும் வினாக்கள் எஞ்சியுள்ளன. யாழ்ப்பாணத்தின் விருந்தோம்பற் சிறப்பைப் பேசுவோர் சங்கானையிலே தேநீர்க்காக நின்றவரையும், 1990 இலே வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றவரையும் சேர்த்துப் பேசும்போதே அப்பேச்சு முழுமை பெறும்.