தொப்பி அணியச் சொன்ன சட்டமும் அணியாதே என்ற சட்டமும்

பனி பொழியும் நாடுகளில் குடியேறிய நம்மவர் வீடுகளில், வாசற் கதவின் பின்னால் நான்கைந்து கம்பளித் தொப்பிகள் தொங்குவதைக் காணலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்தவரை அப்படியொரு பொருளை நாம் தலையில் வைத்ததில்லை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்கள் வேண்டுமானால் ஒருமுறை வாங்கியிருப்பார்கள். இன்றோ அது செருப்பைப்போல அன்றாடப் பொருளாகிவிட்டது. இத்தனை எளிய பொருளுக்கு வரலாறு இருக்குமா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. ஓர் அரசு இதைக் கட்டாயம் அணியவேண்டும் என்று சட்டம் இயற்றியது. வேறொரு நாட்டில், வேறொரு நூற்றாண்டில், இன்னோர் அதிகாரம் இதை அணிந்தால் தண்டனை என்று அறிவித்தது. அந்த இரண்டு ஆணைகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் தொப்பி எவ்வாறு உருவாகிறது என்பதைச் சொல்லிவிடவேண்டும். பின்னலறிந்த பெண்கள் இந்தப் பந்தியைப் புன்னகையோடு கடந்து செல்லலாம். சாதாரணத் தடிப்புள்ள கம்பளி நூலில் வளர்ந்தவர் தலைக்கு ஏறத்தாழ 96 கண்ணிகள் போதும். அவற்றை இரு முனையும் கூரான மூன்று அல்லது நான்கு ஊசிகளில் பகிர்ந்து, வளையமாக இணைத்து, எஞ்சிய ஓர் ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகவேண்டும். முதற் சுற்றில் வளையம் முறுக்கிக்கொள்ளாமற் பார்ப்பதே முக்கியம். முறுக்கிக்கொண்டால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. இரண்டு கண்ணி முன்னால் வரும்படி 'நிட்', அடுத்த இரண்டு பின்வாங்கும்படி 'பேர்ள்' என்று மாற்றி மாற்றிப் போட்டால், துணியில் நெடுக்கு வரிகள் புடைத்து நிற்கும். விலா எலும்பைப்போல் தெரிவதால் ஆங்கிலேயர் அதனை 'றிப்' என்றனர். முன்வந்த வரிகள் ஒன்றையொன்று நெருங்கி, பின்வாங்கியவற்றை மறைத்துக்கொள்வதால் துணி தானாகவே சுருங்கும், இழுத்தால் விரியும். இறப்பர் நாடா இல்லாமலே தலையைக் கவ்விக்கொள்ளும் இரகசியம் இதுதான். உச்சியை நெருங்கியதும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, எஞ்சிய பத்துப் பன்னிரண்டு கண்ணிகளூடாக நூலைக் கோத்து இறுக்கினால் வேலை முடிந்தது. தையல் இல்லை, மூட்டு இல்லை.

இந்த வட்டப் பின்னல் பழையது. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரக் கலைக்கூடத்தில் ஓவியர் பேர்ட்ராம் ஏறத்தாழ 1400இல் தீட்டிய பலிபீட ஓவியமொன்று உள்ளது. அதில் தேவமாதா அமர்ந்து, குழந்தைக்கான சட்டையின் கழுத்தைப் பல ஊசிகளால் வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். பார்த்துப் பழகிய கைவேலையைத்தான் ஓவியர் தெய்வத் தாயின் கையில் கொடுத்திருப்பார் என்று எண்ணுகிறேன். 'பேர்ள்' கண்ணிக்குப் பலரும் காட்டும் பழைய சான்று இன்னும் பிந்தியது. 1562இல் இறந்த புளோரன்ஸ் சீமாட்டி எலியோனோராவுடன் புதைக்கப்பட்ட சிவப்புப் பட்டுக் காலுறைகளே அது.

இனி முதலாவது ஆணைக்கு வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொப்பி பின்னுவது பெருந்தொழில். அக்காலத் தொப்பி இன்றையதைப்போல் வரிப் பின்னலால் தலையைப் பிடிக்கவில்லை. அதனைத் தேவையைவிடப் பெரிதாகப் பின்னி, நீரில் நனைத்து, மிதித்தும் அடித்தும் சுருங்கவைப்பார்கள். கண்ணிகள் ஒன்றோடொன்று பற்றி மொத்தமான கம்பளமாகிவிடும். மழை எளிதில் இறங்காது. கம்பளியைச் சிக்கெடுப்பவர், நூற்பவர், பின்னுபவர், மிதிப்பவர், சாயமிடுபவர், மேல் மயிரைக் கத்தரிப்பவர் என ஒரு தொப்பியின் பின்னால் ஒரு தெருவே பிழைத்தது. 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' போர்க்கப்பலில் கிடைத்த பொருட்களுள் இத்தகைய தொப்பிகளும் உண்டு. வேல்ஸ் எல்லையில் உள்ள மொன்மத் என்ற சிற்றூரின் பெயராலேயே ஒருவகைத் தொப்பி அழைக்கப்பட்டது. கடலோடிகளும் படைவீரர்களும் அதனை விரும்பி அணிந்தனர்.

பின்னர் நாகரிகம் மாறியது. சற்றுக் காசு சேர்ந்தவர்கள் விளிம்பு வைத்த புதுமாதிரித் தொப்பிகளுக்குத் தாவினர். தொப்பித் தொழிலாளர் வேலையிழந்தனர். 1571இல் முதலாம் எலிசபெத் மகாராணியின் பாராளுமன்றம் இதற்கு ஒரு மருந்து கண்டது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும், இங்கிலாந்தில் பின்னி முடிக்கப்பட்ட கம்பளித் தொப்பியையே தலையில் தரிக்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். அன்றைய கூலியாளுக்கு அது பல நாட் சம்பளம். விதிவிலக்கு யாருக்கு என்று பார்த்தால் சிரிப்பு வரும். பிரபுக்கள், நைட்டுகள், ஆண்டுக்கு 20 மார்க் வருமானம் தரும் நிலமுடைய கனவான்கள், சீமாட்டிகள், கன்னிப்பெண்கள்! அதாவது நாகரிகத்தை மாற்றித் தொழிலைக் கெடுத்தவர்கள் தப்பிக்கொண்டார்கள். சுமை ஏழையின் தலையில் ஏறியது. இதனால் அந்தத் தொப்பியே ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. 'சட்டத் தொப்பி' என்ற சொல் ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றிலும் இடம்பெற்றிருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் ஏட்டில் இருந்தபின் 1597இல் சட்டம் நீக்கப்பட்டது.

இதற்கிடையில், 1589இல், வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். கைப்பின்னலாளர் பிச்சையெடுக்க நேரும் என்று அஞ்சி மகாராணி அவருக்குக் காப்புரிமை மறுத்தார் என்ற கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. லீயின் பொறி தட்டையான துணியைத்தான் பின்னியது. அதை மடித்துத் தைக்கவேண்டியிருந்தது. வட்டத்தைச் சுற்றிவரும் வித்தை இன்னும் நெடுங்காலம் மனிதக் கைகளிலேயே தங்கியிருந்தது.

அரசு சொல்லாமலே மனிதர் தம் தொப்பியைத் தமக்கு அடையாளமாக்கிக்கொண்டதற்கும் சான்று உண்டு. வட துருவத்தை அண்டிய ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுகளுக்குப் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் திமிங்கில வேட்டைக்குச் சென்றார்கள். நமது கரையோரங்களைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தான். அங்கே இறந்தவர்களை உறைந்த மண்ணிலேயே புதைத்தனர். 1980 அளவில் தொல்லியலாளர் அந்தக் குழிகளைத் திறந்தபோது, எலும்புக்கூடுகளின் தலைகளில் பின்னிய கம்பளித் தொப்பிகள் அப்படியே இருந்தன. இன்று அவற்றை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் காணலாம். ஒவ்வொன்றின் நிறமும் கோடுகளும் வேறுவேறு. குளிருக்கு உடல் முழுவதையும் மூடிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் தொப்பியின் கோடுகளைக் கொண்டே அறிந்திருக்கவேண்டும். அதனாற்றான் தொப்பியோடு புதைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று அருங்காட்சியகத்தார் கருதுகின்றனர். பெயர் பொறித்த கல் இல்லாத அந்த மனிதர்களுக்குத் தொப்பியே பெயராயிற்று.

ஆளை அடையாளங்காட்டும் தொப்பி, ஓர் இனத்தையும் அடையாளங்காட்டும் என்பதை நோர்வேயில் காண்கிறோம்.

1940 ஏப்ரல் 9ஆந் திகதி ஹிட்லரின் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. மன்னர் ஏழாம் ஹாக்கூன் லண்டனுக்குச் சென்றார். ஆயுதமற்ற மக்கள் சின்னங்களைத் தேடினர். கடதாசிகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு கம்பியைச் சட்டை மடிப்பில் குத்திக்கொண்டனர். நாம் சேர்ந்திருப்போம் என்று அதற்குப் பொருள். பின்னர் சிவப்புத் தொப்பி வந்தது. நோர்வே நாட்டார் கதைகளில் 'நிஸ்ஸே' என்றொரு சிற்றுருவம் உண்டு. பண்ணைகளைக் காக்கும் கிழக் குள்ளன். தலையில் கூரிய முனையுள்ள சிவப்புத் தொப்பி. 1941 நத்தாருக்கு நிஸ்ஸேயையும் நோர்வேக் கொடியையும் சேர்த்து வரைந்த வாழ்த்து அட்டைகள் ஆக்கிரமிப்பாளரின் கண்ணை உறுத்தின, பறிமுதல் செய்யப்பட்டன. ஆனால் தொப்பியை அச்சகத்தில் அடிக்க வேண்டியதில்லையே! சிவப்பு நூலும் ஊசிகளும் இருந்தால் எந்த வீட்டிலும் பின்னலாம். இளைஞரும் மாணவரும் அதனை அணிந்து தெருவில் இறங்கினர்.

1942 பெப்ரவரி 26ஆந் திகதி முதல் சிவப்புக் கூர்த்தொப்பி தடைசெய்யப்பட்டது. அணிவோரின் தொகை பெருகிவிட்டதால் அதனை ஆர்ப்பாட்டமாகவே கருதவேண்டியுள்ளது என்றது பொலிஸ் அறிவித்தல். தொப்பி பறிக்கப்படும், அணிந்தவர் தண்டிக்கப்படுவார், அணிந்தவர் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் பெற்றோர் பொறுப்பு. அவசரகால அறிவித்தல்களை இரவிரவாகப் பதிப்பித்துப் பழகிய பத்திரிகைக்காரன் என்ற முறையில், எனக்கு இந்த வாசகம் அந்நியமாகத் தோன்றவில்லை. தடைக்கான காரணத்தைச் சொல்லும்போதே, தடுக்கப்படுவது எத்தனை பேரிடம் பரவியிருக்கிறது என்பதையும் அதிகாரம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது.

அந்த மாதத்தையும் கவனிக்கவேண்டும். பெப்ரவரி 1ஆந் திகதி குவிஸ்லிங் பிரதமராக அமர்த்தப்பட்டார். பெப்ரவரி 5இல் ஆசிரியர் அனைவரும் அவரது கட்சி நடத்தும் சங்கத்தில் சேரவேண்டும் எனச் சட்டம் வந்தது. நாட்டிலிருந்த ஏறத்தாழ 14,000 ஆசிரியருள் 12,000 பேர்வரை மறுத்துக் கடிதம் எழுதினர். மார்ச்சில் 1,100 பேரளவில் கைதாயினர். அவர்களுள் ஏறத்தாழ 500 பேர் நெருக்கமான நீராவிக் கப்பலொன்றில் ஏற்றப்பட்டு, வடகோடியிலுள்ள கிர்க்கெனெஸுக்குக் கடூழிய வேலைக்கு அனுப்பப்பட்டனர். அது, 1980களில் நம்மவர் பலர் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்ற அதே பின்மார்க் மாகாணம். அந்தக் குளிரை அவர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் மூலமே அறிவேன்.

ஆசிரியர் பணியவில்லை. எல்லாவற்றையும் நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள் என்று குவிஸ்லிங் அவர்கள் முன்னிலையிலேயே சீறினார். கட்டாயச் சங்கத் திட்டம் கைவிடப்பட்டது. 1942 நவம்பரில் கடைசித் தொகுதி ஆசிரியரும் கிர்க்கெனெஸிலிருந்து வீடு திரும்பினர். 1945 மே 8ஆந் திகதி நோர்வே விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 24இல் குவிஸ்லிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்போது நோர்வேயில் நத்தார் நெருங்கும் நாட்களில் பாலர் பாடசாலைகளில் நிஸ்ஸே விழா நடக்கும். சின்னஞ்சிறுவர் எல்லோரும் சிவப்புத் தொப்பி அணிந்து போவார்கள். ஒஸ்லோவில் பிறந்த நம்மவர் பிள்ளைகளும் அவ்வாறே போகிறார்கள்.