பாட்டிக்குத் தெரிந்த பதில்கள்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு குட்டி பரீட்சை நடக்கும். மறுநாள் பூசை முடிந்ததும் தங்கைக்கு மறைக்கல்வி வகுப்பு. அம்மா புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். தங்கை விழிப்பதற்குள் கட்டிலிலிருந்து பாட்டி பதில் சொல்லிவிடுவார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது! தூத்துக்குடியில் சின்ன வயதில் 'சின்னக் குறிப்பிடம்' மனப்பாடம் செய்தாராம். இந்தக் கேள்வி பதில் நம்மூருக்கு எப்படி வந்தது என்று தேடியதுதான் இந்தப் பதிவு.

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடலில் போட்டிக்காரர்களிடமிருந்து காப்பாற்றப் போர்த்துக்கீசியர் துணை தேவைப்பட்டது. பெயர் மாறியது, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. 1542-ல் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த சிலரை உட்கார வைத்து செபங்களைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்துகொண்டார். தெருவில் மணியடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை விசுவாச மந்திரத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். ஜனங்கள் மார்பில் கைகளைச் சிலுவையாக மடித்து 'ஆம்' என்பார்கள்.

இதில் ஒரு கூத்து. முதலில் செய்த மொழிபெயர்ப்பில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்திருக்கிறது! அதைத் திருத்தச் சொல்லி 1544-ல் தன் உதவியாளர் மான்சிலாசுக்குச் சவேரியாரே கடிதம் எழுதினார். அதுவரை அந்த ஜனங்கள் என்ன நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள்? (நாங்கள் மட்டும் என்ன? 'டெபிட் த ரிசீவர்' என்று பிளஸ் ஒன்னில் ஒப்பித்தபோது எங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை.)

பாடம் வீட்டுக்குள் போனது பிள்ளைகள் வழியாகத்தான். கற்றதை அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். வீட்டில் பழைய சாமியைக் கும்பிட்டால் பெற்றோரையே கண்டித்து, அவரிடம் வந்து சொன்ன பிள்ளைகளும் உண்டு. இதைச் சவேரியார் சந்தோஷமாகவே எழுதுகிறார். எனக்குப் படிக்கும்போது சங்கடமாக இருந்தது. பத்து வயதுப் பையன் அம்மாவைக் காட்டிக்கொடுப்பதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து வந்த அன்றீக் அன்றீக்கஸ் அடிகளார் வேறு மாதிரி. உட்கார்ந்து தமிழை முறையாகக் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது, வெறும் 16 பக்கம். 1579-ல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இது மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்த்துக்கீசில் எழுதியதன் தமிழாக்கம், முழுக்கக் கேள்வி பதில். ஆக, தமிழில் அச்சேறிய முதல் புத்தகங்கள் சத்தமாகச் சொல்லி மனப்பாடம் செய்வதற்கானவை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் வீடே கற்றுக்கொள்ளலாம்.

லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசமோ தலைகீழ். அங்கே பாடம் சொல்ல வேண்டியது குடும்பத் தலைவர். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

போன வாரம் பாட்டியிடம் 'வேணும்' கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "வேணும்னு கேட்டாத்தானேடா விசுவாசமே வரும்" என்று சொல்லிவிட்டு, தங்கையிடம் அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னார்.