ரோடு ராஷ் ரோடும் கல்லட்டி ரோடும் (த்ரெட்)

மலையில கேஷுவாலிட்டி டூட்டி பார்த்த காலம். பைக்கோட விழுந்து காறை எலும்பு முறிஞ்சு வந்த ஒரு தம்பி, கட்டுப் போடும்போது கேட்டான்: "சார், கேம்ல வர்ற மலை ரோடெல்லாம் நிஜமாவே இருக்கா?" அன்னைக்கு சிரிச்சுட்டு விட்டுட்டேன். நல்ல கேள்வி அது.

நிறைய இருக்கு தம்பி. ப்ரவுசிங் சென்டர்ல காசு குடுத்து நாம விளையாண்ட ரோடு ராஷ் ஞாபகம் இருக்கா? பசிபிக் ஹைவே, நாபா வேலி, சியரா நெவாடா, பெனின்சுலா எல்லாமே கலிபோர்னியா ஊர்கள். கேமை செஞ்ச எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆபீஸ் அப்போ அங்கேயே சான் மாட்டியோவில்தான். தினம் போற வழியையே டிராக் ஆக்கிட்டாங்க!

ஜப்பானின் 'இனிஷியல் டி' 1995-ல் மாங்காவா வந்தது, பிறகு கேமாச்சு. அதுல வர்ற அகினா மலை, நிஜத்துல குன்மா மாகாணத்து ஹருனா மலை. பேரை மட்டும் மாத்தினாங்க. அடுத்தடுத்து வர்ற 5 கொண்டை ஊசி வளைவு அப்படியே இருக்கு. கிரான் டூரிஸ்மோவில் டீப் ஃபாரஸ்ட் கற்பனை. ஆனா 2004-ல் வந்த 4-ஆம் பாகத்துல ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், 20 கி.மீ.க்கு மேல, நிஜ டிராக்.

நம்ம ஊர் கணக்கு? 'எஃப்-ஒன் 2011' கேம்ல டெல்லி பக்கத்து புத் சர்க்யூட் இருக்கு. அதுல நம்ம கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனாவும் ஓட்டலாம்.

இப்போ நீலகிரிக்கு வர்றேன். டிராக் போடுறவங்க வளைவை வைக்கிறது திரில்லுக்கு. மலை ரோடு போட்டவங்க வளைவை வச்சது மாட்டு வண்டிக்கு. நேரா ஏத்தினா மாடு இழுக்காது, அதனால ரோட்டை மடிச்சு மடிச்சு சரிவைக் குறைச்சாங்க. குன்னூருக்கு 1830-களின் தொடக்கத்துல போட்ட முதல் பாதை செங்குத்தா இருந்ததால, 1871-ல் கர்னல் லா புதுப் பாதை போட்டார். குன்னூர் போற வழியில பார்க்கிற லாஸ் அருவி அவர் பேருலதான். ரயிலுக்கு அந்த வளைவும் போதலை. 1899-ல் குன்னூர் வந்த ரயிலுக்கு தண்டவாள நடுவுல பல்சக்கரப் பாதை வேண்டியிருந்தது.

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு கூடலூர் வழியா 67 கி.மீ., கல்லட்டி வழியா 36. மிச்சமாகிற அந்த தூரத்துக்கு விலை: 36 கொண்டை ஊசி வளைவு, 1,000 மீட்டருக்கு மேல இறக்கம்.

கேம்ல வராதது இதுதான்: சூடு. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பேட் சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, உள்ளே ஆவி நிக்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது. ஏறும்போது எந்த கியர்ல வருவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, இன்ஜினே பிடிக்கும்.

2018 அக்டோபர்ல சென்னையிலிருந்து வந்த ஒரு கார் கல்லட்டி பள்ளத்துல விழுந்து 5 பேர் இறந்தாங்க. விழுந்தது ரெண்டு நாள் யாருக்கும் தெரியலை. அதுக்கப்புறம்தான் வெளியூர் வண்டிகள் அந்த வழியா இறங்கக் கட்டுப்பாடு வந்தது. தலைகுந்தாவில் போலீஸ் நிறுத்தினா தயவுசெஞ்சு சண்டை போடாதீங்க, கூடலூர் வழியா போங்க. பைக்காரா டீ நல்லாவே இருக்கும்.

அந்தத் தம்பிக்கு கை சரியாயிடுச்சு. ரிவ்யூவுக்கு வந்தப்போ ஹெல்மெட் போட்டுட்டு வந்தான், பஸ்ல.