அழுத்தமானி சொல்லாதது: சட்டன் நிலத்தடித் தொலைபேசிக் கேபிள்களை முன்வைத்து

தெற்கு லண்டனின் சட்டன், இரு வேறு நிலங்கள் சந்திக்கும் விளிம்பில் அமைந்த ஊர். தெற்கே பெல்மான்ட் பக்கம் மேடேறுவது சுண்ணப்பாறை; வடக்கே ரோஸ்ஹில் பக்கம் லண்டன் களிமண். பாறையில் இறங்கும் மழைநீர் களிமண் விளிம்பை நெருங்குகையில் ஊற்றாக வெளிப்படுகிறது. அருகிலுள்ள கார்ஷால்டன் குளங்கள் அப்படிப் பிறந்தவை. காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகளை ஈய உறையில் பொதிந்த பழைய கேபிளுக்கு இத்தகைய ஈரமண் பகை. காகிதம் நனைந்தால் மின்காப்பு போயிற்று. ஒரு விரிசலே நூற்றுக்கணக்கான இணைப்புகளைச் சாய்த்துவிடும்.

1981 வரை பிரிட்டனின் தொலைபேசிகளை நடத்திய அஞ்சல் துறை இதற்குக் கையாண்ட மருந்து உலர்காற்று. தொலைபேசி இணைப்பகத்தில் கம்ப்ரசரும் ஈரமுறிஞ்சியும் இருக்கும். அங்கிருந்து சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 9 பவுண்டு அழுத்தத்தில் காற்று கேபிளுக்குள் போகும். ஆறு மீட்டர் ஆழ நீரை எதிர்க்க அது போதும். இது காப்பு முறை என்றே பொதுவாக எழுதப்படுகிறது. அதன் பெரும்பயன் அளவீட்டில் இருந்தது என்பதும், காப்பே பல வேளை அளவீட்டை மறைத்தது என்பதும் என் வாதம்.

நைட்ரஜன் நிரப்பி மூடிய கேபிளில் கசிவு உடனே அழுத்த வீழ்ச்சியாகத் தெரியும். கம்ப்ரசர் ஓயாமல் ஊட்டும் கேபிளிலோ, கசிந்த அளவு காற்று மீண்டும் வந்துவிடுகிறது. இணைப்பக வாசலில் அழுத்தமானியின் முள் அசையாது. ஆனால் கேபிள் துண்டுகள் இணையும், நெடுந்தொலைவிலுள்ள ஜாயின்டில் அழுத்தம் இறங்கியிருக்கும். ஆகவே வாசலில் நம்பத்தக்க சாட்சி காற்றோட்டமானிதான். வழக்கத்தைவிட அதிகக் காற்று உள்ளே போனால் எங்கோ ஓட்டை என்று பொருள்.

எங்கே என்பதற்கு வேறு கருவிகள் உண்டு. ஜாயின்டின் உறையில் பொருத்திய வால்வு, டயர் வால்வின் உறவுக்காரன். அதில் அழுத்தமானியைச் செருகி அளந்துகொண்டே போகலாம். அழுத்தம் வரம்பிற்குக் கீழே போனால் மூடும் சுவிட்சுகளை உதிரிக் கம்பியிணையில் தொடுத்து, இணைப்பகத்திலிருந்தே மின்தடையை அளந்து எந்தச் சுவிட்ச் மூடியது என்று கண்டார்கள். பின்னர் அழுத்தத்தை மின்குறியாக மாற்றி அனுப்பும் உணரிகள் வந்தன. அளவுகளை வரைபடத்தில் இட்டு இருபக்கக் கோடுகளையும் நீட்டினால் அவை வெட்டுமிடம் கசிவு. இதில் ஒரு சிக்கல்: மெல்லிய, நெருக்கமான கேபிள் காற்றோட்டத்தை அதிகம் தடுக்கும். ஆகவே தெருவின் மீட்டரைக் காற்றுத் தடையின் அளவாக மாற்றிய பின்னரே கோடு போடவேண்டும். அதைச் செய்யாதவர் தவறான மேன்ஹோலைத் திறப்பார்.

பசை நிரப்பிய பாலித்தீன் கேபிள், தான் வந்த இடங்களில் இந்த வேலைகளை ஒழித்தது. இந்தியாவிலும் 1980களுக்குப் பின் அதுவே பரவியது. நீர் புகாது, ஆனால் உறை கிழிந்ததைச் சொல்லும் காற்றும் அதில் இல்லை. செம்புவழித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியில் நிறுத்தப் பிரிட்டன் திட்டமிட்டிருக்கிறது. காற்றூட்டும் பழைய கேபிள்கள் எஞ்சியுள்ள இடங்களில், வாடிக்கையாளர் குறையக் குறையக் கசிவை அடைக்கும் செலவுக்கு நியாயம் குறையும். கம்ப்ரசரைக் கூடுதலாக ஓட்டுவதே மலிவாகத் தோன்றும். அப்போது அழுத்தமானியை விட்டுக் காற்றோட்டமானியையும் மின்கட்டணத்தையும் சேர்த்துப் படிப்பதே சரியான ஆய்வுமுறை.