சர்க்கரைவள்ளியும் மாலைக்கண்ணும்

பினாங்கு சூலியா தெருவுக்குப் பெயர் தந்தவர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அங்குள்ள நாகூர் தர்கா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அம்மக்களின் வரலாற்றை எழுதுவோர் தர்காவைக் குறிப்பர். அடுப்பைக் குறிப்பது அரிது. அவர்கள் கைப்பக்குவத்தால் பேர்பெற்ற பசெம்போரின் செங்குழம்பும் மீ ரெபுசின் சாறும் எதனால் கெட்டிப்படுகின்றன? வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கினால்.

வள்ளிக் கிழங்கு பழந்தமிழர் அறிந்த மலைக்கிழங்கு. சர்க்கரைவள்ளியோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே நம் பக்கம் வந்தது. வந்த விருந்தாளிக்குப் பழைய உறவின் பெயரைச் சூட்டி, சுவையை அடைமொழியாக்கினர் தமிழர். மலாய்க்காரர் அதனைக் கெலெடெக் என்பர்.

1941 டிசம்பர் 19இல் ஜப்பானியர் பினாங்கினுள் புகுந்தனர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. 1945க்குப் பின் அரிசி மீண்டது. ஆனால் கிழங்கென்றாலே பஞ்சகாலத்து உணவு என்னும் கூச்சம் பல வீடுகளில் தங்கிவிட்டது. இரு கிழங்கையும் ஒரே தட்டில் வைத்து வெறுத்ததுதான் பிழை. மரவள்ளி வயிற்றை நிரப்பும். அதன் வெண்மாவில் கண்ணைக் காக்கும் சத்து இல்லையென்றே சொல்லலாம். செந்நிறச் சர்க்கரைவள்ளி அப்படியன்று.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். கவனியாது விட்டால் விழி வறண்டு, அதன் முன்படலம் மென்மையாகிக் கரைந்து, குழந்தை நிலையாகப் பார்வை இழக்கும். இந்நோய்க்குச் செம்பனை எண்ணெயைக் கொடுத்துப் பார்த்து, குன்னூர் ஆய்வுக்கூடத்து அய்க்ராய்டும் சென்னைக் கண் மருத்துவர் ரைட்டும் 1937இல் எழுதினர். எண்ணெயின் நிறமே மருந்து. கரோட்டின் என்னும் அந்நிறப்பொருள் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுவதை, தாமஸ் மூர் 1930இலேயே எலிகளிடம் காட்டியிருந்தார்.

அதே கரோட்டின்தான் செங்கிழங்கிலும் உள்ளது. ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. 2005இல் வெளியான அவ்வாய்வில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு சாராருக்கு நாள்தோறும் 125 கிராம் செங்கிழங்கு மசியலும், மறு சாராருக்கு அதே அளவு வெண்கிழங்கு மசியலும் 53 பள்ளி நாட்கள் தரப்பட்டன. செங்கிழங்கு உண்டவர்களின் ஈரலில் வைட்டமின் ஏ இருப்பு உயர்ந்தது. இரண்டும் சர்க்கரைவள்ளியே; வேறுபாடு நிறத்தில்தான். ஆப்பிரிக்காவில் செங்கிழங்கைப் பரப்பிய ஆந்திராதே, முவாங்கா, லோ ஆகிய மூவரும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசில் பங்கு பெற்றனர். திருவனந்தபுரத்துக் கிழங்குப் பயிர் ஆய்வு நிலையம் 2017இல் தந்த பூ சோனா என்னும் வகையில், 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் கரோட்டின் உண்டு.

கிழங்கை மட்டும் கூறிக் கீரையை விடலாகாது. நம்மவர் பலர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தள்ளும் சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையிலும் கரோட்டின் மிகுதி. மலாய்ச் சமையலில் அதற்கு இடமுண்டு.

இன்னொன்று. கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய்ப் பசையே இன்றி உண்டால் உடலில் சேர்வது குறையும். பசெம்போர்த் தட்டில் எண்ணெயில் பொரித்த வடையும், குழம்பில் நிலக்கடலையும் உண்டு. விஞ்ஞானம் சொல்லுமுன்பே நாவுக்காகச் சேர்த்த சேர்க்கை அது. ஆயினும் குழம்பின் சிவப்பு கிழங்கினுடையதா, மிளகாயினுடையதா என்பதைத் தட்டைப் பார்த்து அறிய இயலாது. சந்தையில் கிழங்கை வெட்டிப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.